ஏழு குடம், நூற்றுப் பதினெட்டரை மில்லிமீட்டர்

இன்னாசியம்மாள் எனக்கு முதலில் ஒரு குரலாகத்தான் அறிமுகம். முகத்தைப் பார்க்க எட்டு மாதம் ஆனது.

கல்லூரி முடித்த அடுத்த வருஷம், மழை அளவுகளைத் தொகுத்து வெளியிடுகிற ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழை அப்பா லேமினேட் செய்து காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் தேதி பார்க்கிற சாக்கில் அதையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பி.எஸ்சி. புள்ளியியல். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

வேலை இதுதான். காலை எட்டரை மணிக்கு மாவட்டத்தின் மழைமானி நிலையங்களிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் அளவுகள் வரும். ஒன்பதுக்குள் அதைப் பட்டியலாக்கி, அலுவலகத்தின் பேஸ்புக், எக்ஸ் பக்கங்களில் போட வேண்டும். அப்படியே பொதுத் தரவு இணையதளத்திலும் ஏற்ற வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். மழை இல்லாத நாளில் மற்ற நிலையக்காரர்கள் எல்லாம் ஒற்றைச் சைபரைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நிலையத்திலிருந்து மட்டும் குரல் வரும்.

"பூவரசம்பட்டி. பாத்தாச்சு. மழ இல்ல சார்."

கூடவே ஒரு படம். வெறும் கண்ணாடி அளவு கிளாஸ், பின்னால் கொஞ்சம் வானம். மழை இல்லாத சித்திரையிலும் தினமும் அந்தப் படம் வரும். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படத்தைப் போடுவேன். எட்டு மாதம் எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு நிலையத்தையும் நேரில் போய்ப் படம் எடுத்து, இருக்கும் இடத்தை இணையதளத்தில் குறிக்கச் சொன்னார்கள். திருக்கோகர்ணத்தில் நான் தங்கியிருந்த அறையிலிருந்து கிளம்பி, விராலிமலை போய், அங்கே மினிபஸ் மாறி, கொடும்பாளூர்ப் பக்கம் உள்ளே தள்ளியிருக்கிற பூவரசம்பட்டியில் இறங்கினேன். கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். பக்கத்தில் முள்கம்பி வேலி போட்ட சின்ன இடம். நாற்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் விளக்குமாற்றோடு நிமிர்ந்து பார்த்தார்.

"தெனமும் கட்டவெரலக் காட்டுவீங்களே, அந்தத் தம்பியா நீங்க?"

"ஆமாக்கா."

"வாங்க வாங்க. நான் யாரோ வயசானவருன்னுல்ல நெனச்சேன். அம்புட்டு மொறையா வெரலு வரும்."

வேலிச் சாவி அவர் கழுத்தில் மாதா டாலரோடு ஒரே கறுப்புக் கயிற்றில் தொங்கியது. அதைக் கழற்றாமலே குனிந்து பூட்டைத் திறந்தார். பழகிய குனிவு.

அவர் கணவர் மரியசெல்வம் அந்தக் கண்மாய்க்கு லஸ்கராக இருந்தவர். மடை திறப்பது, கரை பார்ப்பது, மழை அளப்பது எல்லாம் அவர் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கட்டடத்தைக் கூட்டுவதற்கும் மழை அளப்பதற்கும் இன்னாசியம்மாளைப் பகுதி நேரமாகப் போட்டார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் போட்டார்கள். அந்தத் தற்காலிகத்திலேயே மகள் ஷீபாவை நர்சிங் படிக்க வைத்து, திருச்சியில் கட்டியும் கொடுத்துவிட்டார்.

"மழ இல்லாத நாள்ல போட்டோ எதுக்குக்கா? சைபர்னு போட்டாப் போதுமே."

"ஒண்ணுமில்லன்னாலும் பாத்துட்டுல்ல ஒண்ணுமில்லங்கணும்? அவுக இருந்தப்பவே அப்புடித்தான். புனலத் தூக்கி, போத்தலக் கவுத்திப் பாத்துட்டுத்தான் நோட்டுல கைய வைப்பாக."

வேலிக்குள் இரண்டு மானிகள். ஒன்று பழையது: தரையில் பதித்த உருளை, மேலே புனல், உள்ளே போத்தல். இன்னொன்று இரண்டு வருஷத்துக்கு முன்பு நட்ட கம்பம்: உச்சியில் சூரியத் தகடு, ஆன்டெனா, பக்கவாட்டில், மேலே புனல் வாய் வைத்த ஒரு வெள்ளை டப்பா. அது தானாகவே மழையை அளந்து கால் மணிக்கு ஒரு தடவை இணையதளத்துக்கு அனுப்பும். நான் கம்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"இது வந்ததுலருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல தம்பி" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு சுற்றறிக்கை இருந்தது. இரண்டு மானிக்கும் இருபது மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, கையால் அளந்த அளவு வராமல் போனாலோ சிவப்புக் குறி. ஒரு வருஷத்தில் மூன்று சிவப்புக் குறி விழுந்தால், கையால் அளக்கிற மானியை எடுத்துவிடலாம். மானி போனால் அளக்கிற ஆளும் போக வேண்டியதுதான்.

பூவரசம்பட்டிக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. ஆனி மாதம் ஒரு நாள் இவர் முப்பத்தொன்று என்று அனுப்பினார். கம்பம் சைபர் என்றது. டப்பாவுக்குள் குளவி கூடு கட்டியிருந்ததைக் கம்பெனிக்காரர்கள் பத்து நாள் கழித்துத்தான் பார்த்தார்கள். குறியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது, ஷீபாவின் பிரசவத்துக்காக இவர் திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்த நாள். இங்கே பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார், அவர்கள் மறந்துவிட்டார்கள்.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்று ஒரு விரலைக் காட்டினார். "டிசம்பர் வரைக்கும் தாண்டிட்டாப் போதும் தம்பி. வருசம் மாறுனா அழிஞ்சிரும்ல?"

அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு மினிபஸ் ஏறினேன். அது புரட்டாசிக் கடைசி.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. மாவட்டம் முழுக்கப் பட்டியலில் சைபராகவே ஓடியது. பேஸ்புக் பக்கத்தில் நான் என்ன போட்டாலும், "உங்க பட்டியல்ல சைபர் தீந்துபோயிராதா?" என்று கீழே கேலி செய்தார்கள். அந்த மாத மழையை வைத்துத்தான் நிவாரணத்துக்கான வறட்சிக் கிராமங்களின் பட்டியல் தயாராகும். அதற்கான கணக்கும் பொதுத் தரவிலிருந்துதான் போகும்.

இதற்கு அடுத்து ஊரில் நடந்தது இன்னாசியம்மாளும் மற்றப் பெண்களும் பிறகு எனக்குச் சொன்னது.

பூவரசம்பட்டிப் பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகக் கூடையோடு போய்ச் சோறு வாங்கி, காய்ந்த கண்மாய்க்குள் உட்கார்ந்து, ஊரை விட்டுப் போகப்போகிறோம் என்று ஒப்பாரி வைத்து, எல்லாரும் கலந்து சாப்பிடுவது. கிறிஸ்தவர்கள் இருக்கிற வேதக்காரத் தெருவுக்கும் கூடை வரும். இன்னாசியம்மாளும் சோறு போட்டார், கூடப் போய் அழுதார். பிறகு கரைப் பிள்ளையாருக்குக் குடம் குடமாகத் தண்ணீர். பிள்ளையார் நனைந்து முடித்ததும், குழுத் தலைவி பிச்சையம்மாளின் கண் வேலிக்குள் போயிருக்கிறது. ஐம்பத்தைந்து வயது. மகளிர் குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவி. அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"பிள்ளையாருக்குச் சொல்லியாச்சு. அவரு யாருகிட்டப் போயி, எப்பச் சொல்லுவாரோ. அந்தா நிக்கிதே கம்பம், அது நேரா மேலயே பேசுது. அதுக்கும் ஊத்துவோம்டி."

"மதினி, அது கவர்மெண்டு சாமான்" என்றிருக்கிறார் இன்னாசியம்மாள்.

"நாங்க மட்டும் என்ன, அடுத்த தேசத்துக்கா ஓட்டுப் போடுறோம்? எடுடி சாவிய."

இன்னாசியம்மாள் யோசிக்காமல் திறக்கவில்லை. யோசித்தார். இருபது வருஷமாகக் கணவரோடும் தனியாகவும் மழை அளந்த ஆள் யோசிக்கிற மாதிரியே யோசித்தார். அவருடைய மானியில் நாள் முழுக்க விழுகிற தண்ணீர் போத்தலில் தங்கும். மறுநாள் எட்டரைக்குப் பார்க்கும்போதுதான் அது கணக்கு. அதற்குள் போத்தலைக் கவிழ்த்துவிட்டால் ஒன்றுமே விழாத மாதிரி. கம்பம் நட வந்த பையன்களும் அன்றைக்கு, "இதுவும் உங்க மானி மாதிரிதாம்மா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது மாலை நாலு. காலை எட்டரைக்குள் தண்ணீர் வடிந்து டப்பா காய்ந்துவிடும். தன் மானியில் ஒரு சொட்டுக் கூடத் தெறிக்கக் கூடாது என்று புனல் மேல் ஒரு குண்டானைக் கவிழ்த்து, அதன் மேல் கல்லையும் வைத்தார். பிறகு குனிந்து பூட்டைத் திறந்தார்.

ஏழு குடம். குலவை போட்டு ஊற்றினார்கள்.

நாலரைக்கு என் கைபேசி அலறியது. பூவரசம்பட்டி, 118.5 மில்லிமீட்டர். எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நம் பக்கத்து மழை அப்படித்தான். ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். நான் எழுந்திருப்பதற்குள் சிவபிரகாஷ் என்கிறவர் தன் வானிலைப் பக்கத்தில் போட்டுவிட்டார். பொதுத் தரவைப் பார்த்துப் பார்த்து உடனுக்குடன் செய்தி போடுகிறவர். பின்தொடர்கிறவர்கள் லட்சத்துக்கு மேல். "விராலிமலை அருகே மேகவெடிப்பு? பூவரசம்பட்டியைப் புரட்டிப் போட்ட மழை!"

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் சரவணக்குமார் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கவியரசா, என்னய்யா பண்ற? நம்ம மானி, நம்ம டேட்டா. எவனோ முந்திப் போட்டுட்டான். போடுய்யா மொதல்ல!"

போட்டேன். இன்னாசியம்மாளின் எண் என்னிடம் இருந்தது. ஒரு போன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் பதிவு பறந்தது. கத்தாரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பூவரசம்பட்டிக்காரர்கள் வந்து குவிந்தார்கள். "எங்க ஊரு!" "கம்மா நெம்பிருச்சா?" "யாராச்சும் வீடியோ போடுங்கப்பா." பிச்சையம்மாளின் மகன் தோஹாவிலிருந்து வீட்டுக்கே போன் போட்டுவிட்டான்.

"ஆத்தா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சா? ஆட்ட எங்கிட்டுக் கட்டிருக்க?"

"எங்கிட்டுடா தண்ணி? கொழாயிலயே மூணு நாளா வரல. சாப்புட்டியா நீ?"

"கவர்மெண்டே போட்ருக்கு ஆத்தா, நூத்திப் பதினெட்டுன்னு."

பிச்சையம்மாள் அந்தப் போனோடு நேராக இன்னாசியம்மாள் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். என்ன நடந்தது என்று இருவருக்கும் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

மறுநாள் காலை எட்டரை. குழுவில் அந்தக் குரல் வந்தது. வழக்கமான வார்த்தைகள்தான், நடுவில் ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது.

"பூவரசம்பட்டி. பாத்தாச்சு. மழ... இல்ல சார்."

வெறும் கிளாஸின் படம். நான் கட்டைவிரலைப் போடவில்லை. திரையில் பூவரசம்பட்டிக்கு நேராக மூன்றாவது சிவப்புக் குறி தானாக விழுந்தது.

சரவணக்குமார் சார் கம்பெனிக்குப் போன் போட்டார். கருவி நன்றாக இருக்கிறது, எழுதியே தருகிறோம் என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தம்மா பாக்காமயே சைபர் போட்ருக்கு. வீட்டுல உக்காந்துக்கிட்டு பழைய போட்டோவ அனுப்பிருக்கும்."

"அவங்க அப்படி இல்ல சார்."

"எப்புடி இல்ல? நம்ம பக்கத்துல போட்டதை இருபதாயிரம் பேரு பாத்துட்டான். இப்பப் போயி பெய்யலன்னு சொன்னா நம்மளக் காயப்போட்ருவான். காரணம் எழுத்துல இல்லாம போர்ட்டல்ல ஏறுனத எறக்கவும் முடியாது." கொஞ்சம் குரலைத் தணித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். "நீ நேர்ல போ. நோட்டுல நூத்திப் பதினெட்டுன்னு மாத்தி எழுதி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. தப்பாப் போட்டுட்டேன்னு ஒரு வரி. ரெண்டும் டேலி ஆயிருச்சுன்னா மூணாவது குறி போயிரும். அந்தம்மா வேலையும் தப்பும். யாருக்கு என்ன நட்டம்?"

மினிபஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியில் அந்த நாளின் தரவைத் திறந்தேன். நேற்றே நான் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஒரு பத்தி அதில் இருந்தது: கால் மணி வாரியான அளவு. நாலு மணிவரை சைபர். நாலிலிருந்து நாலேகாலுக்குள் 118.5. அதன் பிறகு சைபர். எந்த மேகமும் பதினைந்து நிமிஷத்தில் அப்படிக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகாது. புள்ளியியல் படித்தவன் நான். ஊருக்கெல்லாம் திறந்து வைத்த பத்தியைத் திறந்து பார்க்காமல் பதிவு போட்டிருக்கிறேன்.

இன்னாசியம்மாள் ஓட்டுக் கட்டடத்துப் படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். வாங்க தம்பி என்று சொல்லவில்லை.

"நான்தான் தெறந்துவிட்டேன்" என்றார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். கடைசியில், "எட்டரைக்குத்தானே தம்பி அதுவும் பாக்கும்? காலையில நான் தொட்டுப் பாத்தேன். டப்பா காஞ்சுதான் கெடந்துச்சு" என்றார்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. நான் சொன்னேன். உள்ளே ஒரு சின்ன இரட்டைக் கரண்டி. அரை மில்லிமீட்டர் நிறைந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டும். அந்தச் சாய்வை எண்ணிக்கொள்ளும். அடுத்த பக்கம் நிறையும், சாயும், எண்ணும். தண்ணீர் வடிந்தாலும் எண்ணியது எண்ணியதுதான்.

"அப்ப ஊத்த ஊத்த எண்ணிக்கிட்டேவா இருந்துச்சு?"

"ஆமாக்கா. எரநூத்தி முப்பத்தேழு தடவ."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாலரைப் பிடித்தாரா சாவியைப் பிடித்தாரா தெரியவில்லை.

சரவணக்குமார் சார் சொன்னதைச் சொன்னேன். நானே சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அப்போது எனக்கும் அதுவே நல்ல வழியாகத் தெரிந்தது.

அவர் மறுக்கவில்லை. பயந்துபோயிருந்தார். நோட்டைப் பிரித்து, நேற்றைய தேதிக்கு நேராகச் சைபர் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 118 என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மழ ஆரம்பிச்ச நேரம்னு ஒரு கட்டம் இருக்கே தம்பி?"

"நாலு மணின்னு போடுங்கக்கா."

"விட்ட நேரம்?"

"... அஞ்சரை."

"இடி?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் விரல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. கண்மாய் நீர்மட்டம். அதுவும் அதே வரிசையில்தான். "நூத்திப் பதினெட்டு பேஞ்சா ரெண்டு அடி ஏறிருக்கணும். ரெண்டு அடின்னு போட்டா, நாளைக்கி, நாளான்னைக்கி எல்லாம் அதக் கொறச்சுக் கொறச்சு எழுதிக்கிட்டே வரணும். மட தெறந்த கட்டத்துலயும் எதாச்சும் எழுதணும்." எழுந்து நின்று கண்மாயைக் காட்டினார். உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "நோட்டுல ரெண்டு அடித் தண்ணி. அங்கிட்டு ஆடு மேயுது. எவனாச்சும் வந்து பாத்தா நான் என்ன தம்பி சொல்லுவேன்?"

"யாரும் வந்து பாக்க மாட்டாங்கக்கா."

சொன்ன உடனே எனக்கே கூசியது. யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்பதுதானே நேற்று நடந்ததும்.

அப்போது பிச்சையம்மாள் வந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதான் பேஞ்சுச்சுன்னு போட்ட மகராசனா? மழ பேஞ்ச ஊருன்னு வறட்சிப் பட்டியல்லருந்து எங்கள எடுத்துருவாகளாமே?"

"எடுக்கலாம்மா. அந்த நூத்திப் பதினெட்டு அப்படியே இருந்தா."

"இருந்தாங்கிற? பேயாத மழைக்கி எப்புடிய்யா கணக்கு?"

காரணத்தை எழுத்தில் கொடுத்தால் மட்டுமே எடுப்பார்கள் என்றேன். கொடுத்தால், பூட்டைத் திறந்தது யார் என்பதும் எழுத்தில் வந்துவிடும் என்றேன். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இன்னாசியம்மாளைப் பார்த்தார்கள்.

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 118 மேலும் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் மறுபடி சைபர் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"இத மாத்துனா கூடவே எல்லாத்தையும் மாத்திக்கிட்டே கெடக்கணும். என்னால ஆகாது. எழுதுங்க தம்பி, நான் தெறந்தேன்னே எழுதுங்க" என்றார். "எழுதுனா போலீசு வருமா?"

"வராதுக்கா." நிச்சயமாகத் தெரியாமல்தான் சொன்னேன்.

கடிதத்தை நான் எழுதினேன். எத்தனை குடம், யார் யார் ஊற்றியது என்று கேட்டதும் சண்டை வந்துவிட்டது. பிச்சையம்மாள் தன் பங்கு இரண்டு குடம் என்றார். ஒன்றுதான், இன்னொன்று பாதியில் கீழே போட்டுவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கடைசியில் ஏழு என்று ஒத்துக்கொண்டார்கள். நான் கம்பத்து டப்பாவின் புனல் வாயை அளந்து கணக்குப் போட்டு, கருவிக்குள் போனது மூணே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கீழே என்றேன்.

"ஏழு கொடம் ஊத்திருக்கோம், மூணே முக்காலா? மிச்சத்த எங்கிட்டு வச்சுக்கிருச்சு அது?" என்றார் பிச்சையம்மாள். அந்த இக்கட்டிலும் இன்னாசியம்மாள் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடிதத்தில் முதல் கையெழுத்து இன்னாசியம்மாளுடையது. கீழே பெண்கள் போட்டார்கள். கால் மணி வாரித் தரவையும் நான் பின்னால் இணைத்தேன்.

சரவணக்குமார் சார் அதை இரண்டு தடவை படித்தார். "ஒன்ன எதுக்கு அனுப்புனேன், என்ன வாங்கிட்டு வந்துருக்க?" என்றார். மேலே அனுப்பினார். எங்கள் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டோம். அதை நானூறு பேர் பார்த்தார்கள். சிவபிரகாஷ் தன் பதிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்.

அதன் பிறகு காத்திருப்பு. குழுவில் எட்டரைக்கு அளவு வரும். எட்டே முக்காலுக்கு எனக்குத் தனியாக ஒரு குரல் வரும்: "கடுதாசி எதும் வந்துச்சா தம்பி?" இல்லக்கா என்பேன். முதல் வாரம் தினமும் கேட்டார். இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் சோறு சரியாக இறங்காமல் இருக்கிறார் என்று திருச்சியிலிருந்து ஷீபா எனக்குப் போன் போட்டுச் சொன்னார். "அம்மா வேல போனாலும் பரவாயில்ல சார். போச்சா இல்லையான்னு மட்டும் சீக்கிரம் சொல்லிருங்க" என்றார்.

கார்த்திகை நாலாம் தேதி பூவரசம்பட்டியில் நிஜமாகவே மழை பெய்தது. விடியும்போது ஆரம்பித்து ஏழரைக்கு விட்டது. எட்டு மணிக்கே அவரிடமிருந்து அழைப்பு.

"தம்பி, கம்பத்துல எம்புட்டுன்னு காட்டுது?"

"அதச் சொல்லக் கூடாதுக்கா. நீங்க அளந்து போடுங்க."

"தெரியும். ஆனா ரெண்டும் மாறி வந்துச்சுன்னா?"

என் திரையில் 36.5 இருந்தது. எட்டரை ஆனது. எட்டு முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. அவர் ஒருநாளும் அவ்வளவு தாமதித்ததில்லை. பிறகு படம் வந்தது, கிளாஸில் தண்ணீரோடு. குரலும் வந்தது.

"பூவரசம்பட்டி. பாத்தாச்சு. ரெண்டு தடவ பாத்தாச்சு சார். முப்பத்தாறு புள்ளி ரெண்டு."

அன்று நான் கட்டைவிரலை மூன்று தடவை போட்டேன். குழுவில் யாரோ, "என்ன தம்பி, வெரல் மாட்டிக்கிருச்சா?" என்று கேட்டார்கள்.

ஆணை மார்கழியில் வந்தது. ஒரு பக்கம். அரசுக் கருவியில் பிறர் தலையிட இடம் கொடுத்ததற்காக இன்னாசியம்மாளுக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. மூன்றாவது சிவப்புக் குறி நீக்கம். கையால் அளக்கிற மானி தொடரலாம். வேலிச் சாவியை அவரிடமிருந்து திரும்பப் பெற்று கிராம நிர்வாக அலுவலகத்தில் வைக்க வேண்டும். இனி அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பணி நீட்டிப்பு.

பூவரசம்பட்டி வறட்சிப் பட்டியலில் இருந்தது. பொதுத் தரவில் அந்தத் தேதிக்கு நேராக இப்போது அளவு இல்லை. "மனிதத் தலையீடு, நீக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. அதைப் போனில் படித்துக் காட்டினேன்.

"பேரு போட்ருக்காகளா?" என்றார்.

"இல்லக்கா."

"ம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கார்த்திகை மழை தங்கள் ஏழு குடத்துக்குத்தான் வந்தது என்று பிச்சையம்மாள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

இன்னாசியம்மாளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. பூவரசம்பட்டியில்தான் இருக்கிறார். காலை ஏழரைக்குக் கிராம நிர்வாக அலுவலகம் போய், கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கி, எட்டரைக்கு மழை அளந்து, ஒன்பதுக்குள் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். அவர் கழுத்துக் கயிற்றில் இப்போது மாதா டாலர் மட்டும்தான். குழுவுக்கு இரண்டு படம் அனுப்புகிறார்: ஒன்று கிளாஸ், இன்னொன்று பூட்டிய கதவு. இரண்டு நீட்டிப்பு வந்துவிட்டது. இப்போதையது இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. அடுத்த ஆணை இன்னும் வரவில்லை.